கழுத்தென்பில் திருகாணி செல்லும் வழிகள்

சப்பிரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டம் மலையும் மரமும் மழையும் நிறைந்த நிலப்பகுதி. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய முதலிய இடங்களில் தேயிலையும் றப்பரும் மலைச் சரிவுகளை மூடி நிற்கின்றன. அவற்றினிடையே கித்துளும் பலாவும் கமுகும் தென்னையும் ஓங்கி வளர்ந்திருக்கின்றன. அங்கே வாழ்வோரிற் பலருக்கு உழைப்பு என்பது உயரத்தில் நின்று செய்யும் உழைப்பு. கித்துள் மரத்தில் ஏறிப் பாளை சீவுகிறவரும், பலாக்காய் பறிக்க ஏறுகிற இளைஞரும், வழுக்கும் படிக்கட்டுகளிற் சுமையோடு இறங்குகிற தோட்டத் தொழிலாளியும் நாள்தோறும் தம் உடலை ஒரு காலடியின் உறுதியில் ஒப்படைக்கிறார்கள். அந்தக் காலடி தவறும்போது கையோ காலோ முறிவதுண்டு. சில வேளைகளில் முறிவது கழுத்தாக இருக்கும்.

கழுத்து முறிந்தவருக்கு வாழ்வு முடிந்துவிட்டது என்ற எண்ணம் மக்களிடையே ஆழமாகப் பதிந்துள்ளது. அவ்வெண்ணத்துக்குப் பழமையான சான்றும் உண்டு. ஏறத்தாழ கி.மு. 1600ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்ற எகிப்திய மருத்துவச் சுவடியொன்று, கழுத்தென்பு இடம்பெயர்ந்து கையும் காலும் உணர்விழந்த ஒருவரைக் குறிப்பிட்டு, இது சிகிச்சைக்கு உட்படாத நோய் என்று தீர்ப்புக் கூறிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு இன்று முழுமையாகச் செல்லுபடியாவதில்லை. இடம்பெயர்ந்த என்பை மீண்டும் நேராக்கி, சிறிய உலோகத் திருகாணிகளாலும் கோல்களாலும் பிணைத்து நிறுத்த இன்றைய சத்திர சிகிச்சையால் இயலும். ஆனால் அந்தத் திருகாணியை எந்த இடத்தில், எந்தத் திசையில், எவ்வளவு ஆழத்திற்குச் செலுத்துவது என்ற வினாவுக்கு உலகின் நிபுணர்கள் ஒரே விடையைத் தரவில்லை. பிரான்சில் ஒரு வழியும், சுவிற்சர்லாந்தில் ஒரு வழியும், ஜப்பானில் ஒரு வழியும், இந்தியாவில் ஒரு வழியும் தோன்றின. அவ்வழிகளை ஒப்பிட்டு நோக்கி, எது எவருக்குப் பொருந்துகிறது என்பதை ஆராய்வதே இந்தப் பேச்சின் பொருள்.

வழிகளை அறியுமுன் நிலத்தை அறிதல் வேண்டும். மனிதனின் கழுத்தில் ஏழு முள்ளென்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் என்பும் ஒரு வளையம் போன்றது. ஏழு வளையங்களும் சேர்ந்து அமைக்கும் குழாயினுள்ளே மூளையிலிருந்து இறங்கும் முண்ணாண் செல்கிறது. கையை அசைப்பதும், காலை ஊன்றுவதும், சிறுநீரை அடக்குவதும் இந்த நாணின் வழியாக வரும் கட்டளைகளாலேயே நடைபெறுகின்றன. கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் நரம்புகள் மூச்சு விடுவதற்குரிய பிரிமென்றகட்டை இயக்குகின்றன. ஆகவே கழுத்தின் மேற்பகுதியில் முண்ணாண் அறுபட்டால் மூச்சே நின்றுபோகலாம்.

வளையத்தின் முன்புறத்தில் திரண்ட உடற்பகுதி ஒன்று உண்டு. பின்புறத்தில் இருபக்கமும் இரண்டு சிறிய தூண்கள் உள்ளன. மேலென்பின் தூண் கீழென்பின் தூணின்மேல் ஓடு வேய்ந்தாற்போலச் சாய்ந்து பொருந்தி மூட்டாகிறது. இவற்றைப் பக்கத் தூண்கள் என்று கூறலாம். பக்கத் தூணின் பின்முகம் ஏறத்தாழ ஒரு விரல் நகத்தின் அளவுடையது. முன்புற உடலையும் பின்புறத் தூணையும் இணைப்பது குறுகிய ஓர் என்புப் பாலம். பூவைக் கொடியோடு இணைக்கும் காம்பு போல அது இருப்பதால் அதற்குக் காம்பு என்றே பெயர். நடுக்கழுத்தில் அக்காம்பின் அகலம் பலருக்கு நான்கு முதல் ஆறு மில்லிமீற்றர் வரையிலேயே இருக்கும். அதனுட் செலுத்தவேண்டிய திருகாணியோ மூன்றரை மில்லிமீற்றர் பருமனுடையது.

அந்தக் காம்பின் வெளிப்புறத்தே ஒரு துளை உண்டு. ஆறாம் கழுத்தென்பிலிருந்து முதலாம் கழுத்தென்பு வரை உள்ள துளைகளின் ஊடாக, இருபக்கமும் ஒவ்வொரு நாடி மூளைக்குக் குருதியை ஏற்றிச் செல்கிறது. காம்பின் உட்புறத்தே முண்ணாண் உள்ளது. மேலும் கீழும் நரம்பு வேர்கள் வெளியேறுகின்றன. எனவே கழுத்தென்பிற் செல்லும் எந்தத் திருகாணியும் மூன்று பகைப் புலங்களுக்கு நடுவே செல்லும் பயணியாகிறது. உள்ளே சாய்ந்தால் முண்ணாண், வெளியே சாய்ந்தால் நாடி, மேலோ கீழோ சாய்ந்தால் நரம்பு வேர். இனிக் கூறப்போகும் வழிகள் யாவும் இந்த மூன்றிலிருந்தும் தப்பிச் செல்லப் பல நிபுணர்கள் கண்ட பல உபாயங்களே.

திருகாணி வருவதற்கு முன்னர்க் கம்பியே கருவியாக இருந்தது. 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹட்ரா என்ற மருத்துவர், முறிந்த கழுத்தென்புகளின் பின்புற முட்களைக் கம்பியால் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினார். 1933இல் கிரட்ச்பீல்ட் என்பவர் மண்டையோட்டிற் கவ்வும் இடுக்கியைக் கொண்டு தலையை இழுத்துக் கழுத்தை நேராக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். 1959இல் தலையைச் சுற்றி உலோக வளையம் பொருத்தி, அதனை மார்புக் கவசத்தோடு இணைக்கும் முறை வெளிவந்தது. இவை பயனற்றவையல்ல. இழுவையும் தலைவளையமும் இன்றும் சில நோயாளருக்கு உதவுகின்றன. ஆனால் கம்பிக் கட்டு முன்னும் பின்னுமான அசைவைத் தடுத்த அளவுக்குத் திருகும் அசைவைத் தடுக்கவில்லை. விபத்தில் பின்புற வளைவே நொறுங்கியவருக்குக் கம்பியைக் கட்ட இடமே இருப்பதில்லை. கம்பி கட்டிய பின்னரும் நோயாளி வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கவசத்துக்குள் அடைபட்டிருக்க நேர்ந்தது. இலங்கையில் 1956ஆம் ஆண்டு கொழும்புப் பொது வைத்தியசாலையில் டொக்டர் ஷெல்டன் கப்ரால் நரம்புச் சத்திர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியபோது, உலகின் வேறெந்த நாட்டிலும் போலவே இங்கும் கழுத்தென்பின் பக்கத் தூணிற் செல்லும் திருகாணி வழக்கத்துக்கு வந்திருக்கவில்லை.

1970களில் பாரிஸ் நகரத்து நிபுணர் ரேமண்ட் ரோய்-கமில் அந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தார். பக்கத் தூணின் பின்முகத்தின் நடுப்புள்ளியிலே துளையிட்டு, தூணின் முகத்துக்கு நேர்செங்குத்தாக, வெளிப்புறம் மட்டும் 10 பாகை சாய்த்துத் திருகாணியைச் செலுத்துவது அவருடைய முறை. அது கற்றுக்கொள்வதற்கு எளிது. நடுப்புள்ளியைக் கண்ணாற் காணலாம். செங்குத்தைக் கையால் உணரலாம். ஆனால் நேராக முன்னோக்கிச் செல்வதால் வழி குறுகியது. ஆகவே பிடிப்பும் குறுகியது. மேலும் தூண்கள் ஓடு போலச் சாய்ந்திருப்பதால், நேராகச் செல்லும் திருகாணியின் நுனி கீழே உள்ள மூட்டைத் துளைத்துவிட ஏதுவுண்டு. பிணைக்க வேண்டாத மூட்டு பழுதுபட்டால் பிற்காலத்தில் வலி தோன்றலாம்.

சுவிற்சர்லாந்தின் பிரீட்ரிக் மாகெர்ல் வேறொரு கோணத்திற் சிந்தித்தார். தூணின் நடுப்புள்ளிக்குச் சற்று உள்ளேயும் மேலேயும் துளையிட்டு, வெளிப்புறமாக ஏறத்தாழ 25 பாகை திருப்பி, மேல்நோக்கி மூட்டின் சாய்வுக்கு இணையாகத் திருகாணியை அனுப்பினார். மூட்டுக்கு இணையாகச் செல்வதால் மூட்டு பெரும்பாலும் பாதுகாக்கப்படுகிறது. குறுக்குச் சாய்வாகச் செல்வதால் வழி நீளுகிறது. திருகாணியை என்பு இறுகப் பற்றுகிறது. ஆனால் நீண்ட வழிக்கு நீண்ட ஆபத்தும் உண்டு. திருகாணி சற்று மிகையாகச் சென்றால் அதன் நுனி தூணின் முன்னே வெளியேறும் நரம்பு வேரைத் தொட்டுவிடும். அப்போது நோயாளி கண்விழிக்கையில் தோளிலோ கையிலோ தாங்கொணா வலியோ பலவீனமோ தோன்றலாம். உயிரற்ற உடல்களில் இவ்விரு முறைகளையும் செய்து பார்த்து 1991ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு இந்த வேறுபாட்டையே காட்டியது: ரோய்-கமில் முறையில் மூட்டுக்கு ஊறு அதிகம், மாகெர்ல் முறையில் நரம்பு வேருக்கு ஊறு அதிகம்.

அதே 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ஹவர்ட் ஆன் என்ற நிபுணரும் அவருடைய துணைவர்களும் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வழியை எடுத்துரைத்தனர். நடுப்புள்ளிக்கு ஒரு மில்லிமீற்றர் உள்ளே தொடங்கி, வெளிப்புறமாக 30 பாகையும் மேல்நோக்கி 15 பாகையும் சாய்ப்பது அவர்களுடைய முறை. வெளிப்புறச் சாய்வு மிகுதியாதலால் நாடி உள்ளே ஒதுங்கிவிடுகிறது. மேல்நோக்கிய சாய்வு குறைவாதலால் நரம்பு வேரைத் தொடும் அச்சம் தணிகிறது.

பத்துப் பாகைக்கும் முப்பது பாகைக்கும் இவ்வளவு வேறுபாடு உண்டா என்று நேயர் சிலர் வியக்கலாம். றப்பர்த் தோட்டங்களிற் பால் வெட்டும் தொழிலாளி அப்படி வியக்கமாட்டார். கத்தியின் சாய்வு தவறினாற் பால் கோட்டில் ஓடாமற் பட்டையில் வழிந்துவிடும் என்பதை அவர் அறிவார். வெட்டு மேலோட்டமாக இருந்தாற் பால் குறையும். சற்று ஆழமாகிவிட்டால் பட்டையின் அடியிலுள்ள உயிருள்ள படை காயப்பட்டு மரம் முண்டும் முடிச்சுமாகிவிடும். சரியான ஆழத்துக்கும் தவறான ஆழத்துக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மில்லிமீற்றர் அளவுதான். அந்தத் தூரத்தைக் கை அறிந்திருக்க வேண்டும். கழுத்தென்பிலே திருகாணி செலுத்தும் நிபுணரின் கையும் அத்தகைய பயிற்சியுடைய கையே. வேறுபாடு ஒன்றுண்டு: காயப்பட்ட மரத்தின் மறுபுறத்திலே அடுத்த ஆண்டு வெட்டலாம், காயப்பட்ட முண்ணாணுக்கு மறுபுறம் இல்லை.

இதுவரை கூறிய மூன்றும் பக்கத் தூணோடு நின்றுவிடும் வழிகள். தூணைக் கடந்து, குறுகிய காம்பின் ஊடாக முன்புற உடல் வரை செல்லும் துணிவான வழியும் உண்டு. ஜப்பானியரான குனியோஷி அபுமியும் அவருடைய துணைவர்களும் விபத்துக்குள்ளான நோயாளரிடம் அவ்வழியைக் கையாண்ட அனுபவத்தை 1994ஆம் ஆண்டு வெளியிட்டனர். இம்முறையில் தூணின் வெளியோரத்தை அண்டித் தொடங்கி, வெளிப்புறம் அல்லாது உட்புறமாகப் பெருஞ்சாய்வு கொடுத்துத் திருகாணி செலுத்தப்படுகிறது. என்பின் பின்புறத்தையும் முன்புறத்தையும் ஒரே ஆணி கோத்துவிடுவதால் இதன் பிடிப்பு பக்கத் தூணின் பிடிப்பைக் காட்டிலும் வெகுவாக உயர்ந்தது. இழுத்துப் பார்க்கும் சோதனைகள் இதனைத் தெளிவாக்கியுள்ளன. ஆனால் இடர்ப்பாடும் அவ்வளவு உயர்ந்தது. காம்பின் உட்சுவர் தடிப்பானது; நாடியை அடுத்த வெளிச்சுவரோ மெல்லியது. ஆகவே தவறும் திருகாணி பெரும்பாலும் மெல்லிய பக்கமாகவே, அதாவது நாடியின் பக்கமாகவே தவறுகிறது.

எந்த வழி சிறந்தது என்ற வினா இங்கே தன் வடிவை மாற்றிக்கொள்கிறது. வலிமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் காம்பின் வழியே முதலிடம் பெறும். பாதுகாப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் பக்கத் தூணின் வழிகள் முதலிடம் பெறும். ஆனால் நோயாளிக்கு எவ்வளவு வலிமை தேவை என்பதே முதலில் தீர்மானிக்கப்பட வேண்டியது. உறுதியான என்புடைய இளைஞர் ஒருவருக்கு இரண்டு என்புகள் மட்டும் விலகியிருந்தால், பக்கத் தூணின் பிடிப்பே பெரும்பாலும் போதுமானது. அவருக்கு நாடியின் ஓரத்திலே காம்பு வழி தேடுவது தேவையற்ற துணிவாகும். என்பு மெலிந்த முதியவருக்கும், பல என்புகள் சிதைந்தவருக்கும், கழுத்து வளைந்து கோணியவருக்கும் தூணின் பிடிப்பு நழுவிவிடக்கூடும். அங்கே காம்பின் வலிமை அதன் ஆபத்துக்கு ஈடு செய்கிறது. ஏழாம் கழுத்தென்பிலோ இயற்கையே வேறொரு விடை தந்திருக்கிறது. அதன் பக்கத் தூண் மெல்லியது. காம்பு ஒப்பீட்டளவில் அகன்றது. பெரும்பாலோருக்கு நாடியும் ஏழாம் என்பின் துளைக்குட் புகாமல் ஆறாம் என்பிலேயே புகுகிறது. எனவே நடுக்கழுத்திலே காம்பைத் தவிர்க்கிற நிபுணரும் ஏழாம் என்பிலே காம்பை நாடுவதுண்டு. கீழ்க்கழுத்தின் பல முறிவுகளுக்கு முன்புறமாகச் சென்று தகடு பொருத்துவதே போதுமானதாகவும் இருக்கும். அவர்களுக்குப் பின்புற வழிகளின் ஒப்பீடே எழுவதில்லை.

கழுத்தின் உச்சியிலுள்ள முதலிரண்டு என்புகளின் கதை தனியானது. முதலாம் என்பு தலையைத் தாங்கும் வளையம். இரண்டாம் என்பிலிருந்து பல் போன்ற ஒரு முளை எழுந்து அவ்வளையத்தினுள் நிற்கிறது. தலையை இடமும் வலமும் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி இவ்விரண்டுக்கும் இடையிலேயே நிகழ்கிறது. தலைகீழாக விழுகிறவருக்கு இந்த முளை முறிவதுண்டு. இங்கே 1939இல் கனடாவின் கலீ என்ற நிபுணர் கம்பியையும் என்புத் துண்டையும் கொண்டு ஒரு பிணைப்பைச் செய்தார். அக்கம்பி முண்ணாணை ஒட்டியவாறே வளைவின் கீழ்ச் செல்லவேண்டியிருந்தது. திருகும் அசைவையும் அது நன்கு தடுக்கவில்லை.

1979இல் மாகெர்ல் இரண்டாம் என்பிலிருந்து மேல்நோக்கி, இடையிலுள்ள மூட்டைக் கடந்து, முதலாம் என்பினுள் செல்லும் நீண்ட திருகாணியைச் செலுத்தினார். ஒரே ஆணி இரண்டு என்புகளையும் தைத்துவிடுவதால் அப்பிணைப்பு மிக உறுதியானது. ஆனால் இரு என்புகளும் முன்னரே நேர்ப்படுத்தப்பட்டிருந்தால் மட்டுமே அது இயலும். அன்றியும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, ஒரு பக்கத்திலேனும் நாடி இரண்டாம் என்பினுள் உயர்ந்து வளைந்து அவ்வழியை அடைத்துக்கொண்டிருக்கும் என்று ஆய்வுகள் கூறின.

இந்த இடத்தில் இந்தியாவின் பங்கு பெருமைக்குரியது. பம்பாயின் கே.ஈ.எம். வைத்தியசாலையைச் சேர்ந்த அதுல் கோயல், முதலாம் என்பின் பக்கத் திரட்சியில் ஒரு திருகாணியும் இரண்டாம் என்பில் ஒரு திருகாணியும் தனித்தனியே செலுத்தி, இரண்டையும் தகட்டால் இணைக்கும் முறையை 1988 முதற் கையாண்டு, 1994ஆம் ஆண்டு லகேரி என்பவருடன் சேர்ந்து வெளியிட்டார். திருகாணிகள் தனித்தனியாதலால், அவற்றையே பிடியாகக் கொண்டு விலகிய என்பை இழுத்து நேராக்க முடிந்தது. 2001ஆம் ஆண்டில் ஜேர்மனியின் யூர்கன் ஹார்ம்ஸும் மெல்ச்சரும் தகட்டுக்குப் பதிலாகத் திசைதிரும்பும் தலையுடைய திருகாணிகளையும் கோல்களையும் கொண்டு அதே அடிப்படையை எளிதாக்கினர். இன்று உலகெங்கும் இது கோயல்-ஹார்ம்ஸ் முறை என்று இருவர் பெயராலும் வழங்குகிறது. இதற்கும் ஒரு விலை உண்டு. கோயல் முறையில் மூட்டைத் தெளிவாகக் காண இரண்டாம் நரம்பின் முடிச்சை அறுக்க நேர்வதால், பின்தலையில் மரத்த உணர்வு நிலைத்துவிடலாம். இரண்டாம் என்பில் நாடி வழியை அடைத்திருப்பவர்களுக்காக, 2004இல் அமெரிக்காவின் ரைட் என்பவர் மற்றொரு வழியைக் கூறினார். அவ்வென்பின் பின்புற வளைவின் தகடுகளுக்குள்ளேயே, ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லுமாறு இரு திருகாணிகளைச் செலுத்துவது அது. நாடி அவ்விடத்தில் இல்லையாதலால் நாடிக்கு அச்சமில்லை. ஆனால் விபத்தில் வளைவு முறிந்திருந்தால் அவ்வழியும் இல்லை.

இவ்வாறு பார்க்கையில் ஒவ்வொரு வழியும் முந்திய வழி அடைபட்ட இடத்திலே திறக்கப்பட்டது என்பது புலனாகும். புதிய வழி பழைய வழியை அழித்துவிடவில்லை. அதனால்தான் தேர்ந்த நிபுணர் ஒரு வழியை மட்டும் கற்றவராக இருத்தல் போதாது. மேசைமேற் கிடத்தப்பட்ட நோயாளியின் நாடி எங்கே செல்கிறது, காம்பு எவ்வளவு அகலம், தூண் முறிந்ததா முறியாததா என்பவற்றைக் கணினி ஊடுகதிர்ப் படத்தில், அதாவது சி.ரி. படத்தில், முன்னரே அளந்தறிந்து, அந்த ஒருவருக்குரிய வழியை அவர் தெரிந்தெடுக்க வேண்டும். ஒரே நோயாளியின் வலப்பக்கத்தில் ஒரு முறையும் இடப்பக்கத்தில் வேறொரு முறையும் கையாளப்படுவதும் உண்டு.

கையின் பயிற்சிக்குத் துணையாக இக்காலத்திற் கருவிகளும் வந்துள்ளன. சத்திர சிகிச்சை நடக்கும்போதே முப்பரிமாணப் படமெடுத்து, திருகாணியின் நுனி எங்கே செல்கிறது என்று திரையிற் காட்டும் வழிகாட்டும் கணினி அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டின் கோயம்புத்தூரிலுள்ள கங்கா வைத்தியசாலையில் டொக்டர் எஸ். ராஜசேகரனும் துணைவர்களும் இதனைப் பரிசோதித்தவர்களுள் முக்கியமானவர்கள். 2007ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய ஆய்வொன்று, வளைந்த முதுகுடைய நோயாளரின் மார்புப் பகுதி முள்ளென்புகளிலே காம்பின் வழியாகச் செலுத்தப்பட்ட திருகாணிகளை ஒப்பிட்டது. சாதாரண ஊடுகதிர்த் திரையின் துணையோடு செலுத்தியவற்றுள் நூற்றுக்கு 23 காம்பின் சுவரை மீறியிருந்தன. வழிகாட்டும் கணினியோடு செலுத்தியவற்றுள் நூற்றுக்கு 2 மட்டுமே மீறியிருந்தன. சிதைந்து கோணிய கழுத்துகளிலே காம்பு வழித் திருகாணிகளைச் செலுத்துவதற்கும் அதே வைத்தியசாலையில் அக்கருவி பயன்படுத்தப்பட்டது.

ஆயினும் விலையுயர்ந்த அத்தகைய கருவி எல்லா வைத்தியசாலைகளிலும் இருத்தல் இயலாது. அது இல்லாத இடத்தில் காம்பு வழியைத் தவிர்த்து, கண்ணாற் காணக்கூடிய அடையாளங்களைக் கொண்டு பக்கத் தூணின் வழியைத் தெரிந்தெடுப்பது திறமைக் குறைவன்று, அறிவுடைமையே. நோயாளியின் சி.ரி. படத்தைக் கொண்டு, அவருடைய என்புக்கே பொருந்தும் வழிகாட்டி அச்சுகளை முப்பரிமாண அச்சுப்பொறியாற் செய்துகொள்ளும் முறையும் இப்போது பல நாடுகளிற் பரவி வருகிறது. பெருங்கருவி வாங்க இயலாத நாடுகளுக்கு அது நம்பிக்கை தருவதாகும்.

இத்தனை வழிகளும் நிபுணரின் கையில் இருப்பினும், அவற்றால் நோயாளி பெறும் பயன் பெரிதும் வேறொன்றைச் சார்ந்திருக்கிறது. திருகாணி என்பைப் பிணைக்கும். அறுந்த முண்ணாணைப் பிணைக்காது. இடம்பெயர்ந்த என்பு நாணை நெரித்துக்கொண்டிருக்கும் நேரம் நீளும்தோறும் மீட்சிக்குரிய வாய்ப்புக் குறைகிறது. வட அமெரிக்காவின் ஆறு நிலையங்களில் நிகழ்ந்து 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வு, கழுத்து முண்ணாண் ஊறுபட்டவர்களை ஆறு மாதங்களின் பின் மதிப்பிட்டது. விபத்து நேர்ந்து 24 மணித்தியாலங்களுக்குள் நெரிசல் நீக்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர் இரண்டு படிகளோ அதற்கு மேலோ முன்னேற்றம் கண்டனர். அதன் பின்னர்ச் சிகிச்சை பெற்றவர்களுள் அத்தகையோர் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேர் மட்டுமே.

கேகாலை மலைகளில் இந்த 24 மணித்தியாலங்களின் பொருள் வேறு. தெரணியகலைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்து லயத்திலிருந்து பெருந்தெருவை அடைவதற்கே நேரம் செல்லும். அங்கிருந்து கேகாலை வைத்தியசாலைக்கும், தேவை நேரின் கொழும்பு அல்லது கண்டி தேசிய வைத்தியசாலைக்கும் செல்ல வேண்டும். கேகாலை நகரிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 78 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. நேரம் அருமையாதலால் அவசரமும் இயல்பே. ஆனால் அறியாமையோடு கூடிய அவசரமே பேராபத்து. விழுந்தவரைத் தோளிற் பிடித்துத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கக் கொடுத்து, முச்சக்கர வண்டியின் இருக்கையில் மடக்கி இருத்தி, குன்றும் குழியுமான பாதையில் விரைந்தோட்டிச் சென்றால், விழுந்தபோது பிழைத்திருந்த முண்ணாண் வழியிலே அறுபட்டுவிடலாம். அதன் பின்னர் ரோய்-கமில் வழியானாலும் மாகெர்ல் வழியானாலும் அபுமி வழியானாலும் நாணுக்கு உயிரூட்ட முடியாது.

மரத்திலிருந்தோ மதிலிலிருந்தோ விழுந்தவர் கழுத்து வலிக்கிறது என்றாலும், கைகால் மரத்திருக்கிறது என்றாலும், நினைவிழந்து கிடந்தாலும், கழுத்து முறிந்ததாகவே கருதி நடத்தல் வேண்டும். மூச்சு வருகிறதா என்பதே முதலிற் பார்க்கவேண்டியது. பின்னர் ஒருவர் தலைமாட்டில் முழந்தாளிட்டு, இரு கைகளாலும் தலையை அசையாமற் பிடித்துக்கொள்ள வேண்டும். திரும்பியிருக்கும் தலையை வலிந்து நேராக்க முயலக்கூடாது. இலங்கை முழுவதும் 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் சேவை கிடைக்கிறது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய என்ற அச்சேவை பின்னர் எல்லா மாகாணங்களுக்கும் விரிந்தது. அது வரும்வரை விழுந்தவரைக் கிடந்த இடத்திலேயே விடுவது நன்று. மண்சரிவு, வெள்ளம் போன்ற ஆபத்தினால் நகர்த்தியே தீரவேண்டுமாயின், நால்வர் அல்லது ஐவர் சேர்ந்து, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் இருக்குமாறு, மரக்குற்றியை உருட்டுவது போல ஒருசேரத் திருப்பி, கதவுப் பலகை போன்ற தட்டையான பலகைமீது கிடத்த வேண்டும். தலையின் இருபுறமும் மடித்த சீலைகளை அணைகொடுத்து அசையாமற் செய்யலாம். தலையைப் பிடித்திருப்பவரே கட்டளையிடுதல் வேண்டும். மற்றவர்கள் அவருடைய சொல்லுக்கே அசைதல் வேண்டும். நால்வர் சேர்ந்து சுமை தூக்கிப் பழகிய தோட்டத் தொழிலாளருக்கு இது கடினமான காரியமன்று.

சத்திர சிகிச்சை முடிந்த பின்னரும் உறவினர் அறியவேண்டியவை சில உள. திருகாணி நிரந்தரத் தூணன்று. என்புகள் ஒன்றோடொன்று வளர்ந்து இணையும்வரை அவற்றைப் பிடித்து நிற்கும் ஊன்றுகோலே அது. அந்த இணைப்பு மாதக்கணக்கில் நிகழ்வது. வலி தீர்ந்துவிட்டது என்று கழுத்துப் பட்டியைக் கழற்றியெறிந்து, சுமை தூக்கவோ மரமேறவோ விரைவது பிணைப்பையே குலைத்துவிடும். முதலிரண்டு என்புகளும் பிணைக்கப்பட்டவர் பழையபடி தலையைத் திருப்ப இயலாது. உடலையே திருப்பிப் பார்க்கப் பழகவேண்டும். கையும் காலும் முழுமையாக மீளாதவர்களுக்கு றாகமையிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலை போன்ற இடங்களிற் பயிற்சியும் சக்கர நாற்காலி வாழ்வுக்கான ஆயத்தமும் கிடைக்கின்றன. படுக்கைப் புண் வராமற் காப்பதும் சிறுநீர்ப்பையைப் பேணுவதும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. இவற்றை அலட்சியம் செய்தால், நிபுணர் காத்த உயிர் தொற்றுநோயால் இழக்கப்படலாம்.

தமக்கோ தம்மவருக்கோ இச்சிகிச்சை நேருமாயின், நோயாளியின் குடும்பத்தினர் தயங்காது சில வினாக்களை நிபுணரிடம் கேட்கலாம். எத்தனை என்புகள் பிணைக்கப்படும்? திருகாணி தூணிற் செல்லுமா, காம்பிற் செல்லுமா? நாடி சி.ரி. படத்தில் எங்கே காணப்படுகிறது? பின்னர் எந்த அசைவு குறையும்? இவை நிபுணரைச் சோதிக்கும் வினாக்கள் அல்ல. அவரும் சத்திர சிகிச்சைக்கு முந்திய இரவில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் வினாக்களே.

பாரிஸிலும் பம்பாயிலும் ஜப்பானிலும் கண்டறியப்பட்ட இந்த வழிகளுள் எதனைத் தெரிவது என்பது நிபுணரின் பொறுப்பு. தெரிவதற்கு அவருக்கு வாய்ப்பு எஞ்சியிருக்கும்படி செய்வது மரத்தடியில் நிற்பவர்களின் பொறுப்பு. ஆம்புலன்ஸின் ஒலி கேட்கும்வரை ஒரு தலையை அசையாமற் பிடித்திருக்கும் இரண்டு கைகள் செய்யும் உதவியை, பின்னர் வரும் எந்தத் திருகாணியும் செய்துவிட முடியாது.